காகம் கொத்தினால் சனி தோஷமா? சேலம் வாசகர்களின் பறவை, பூச்சிக் கேள்விகள்

வெயில் ஏற ஏறக் கடிதங்களும் ஏறுகின்றன. ஒரு பாதி "இதை எப்படி விரட்டுவது?" என்று கேட்கிறது. மறு பாதி "இதை எப்படிக் காப்பாற்றுவது?" என்கிறது. பல நேரம் இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: கையை எடுங்கள், கொஞ்ச நேரம் பாருங்கள். அது போதாத இடங்களையும் சொல்லியிருக்கிறேன்.

மாடிக்குத் துணி காயப்போடப் போனாலே ஒரு காகம் பின்னாலிருந்து வந்து தலையில் தட்டிவிட்டுப் போகிறது. சனி தோஷம், எள் விளக்குப் போடு என்கிறார் மாமியார். என்ன செய்வது? (வாசகி, அஸ்தம்பட்டி)

விளக்குப் போடுவது பற்றி உங்கள் மாமியாரோடு நான் வாதாட வரவில்லை. போடுங்கள். மாடிக்குப் போகும்போது மட்டும் ஒரு குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வேப்பமரத்திலோ மாமரத்திலோ கூடு இருக்கும். பெரும்பாலும் குஞ்சு கூட்டைவிட்டு அப்போதுதான் வெளியே வந்து, சரியாகப் பறக்கத் தெரியாமல் உங்கள் மாடிச் சுவரிலோ தண்ணீர்த் தொட்டிப் பக்கமோ உட்கார்ந்திருக்கும். வாயைத் திறந்தால் உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் அது குஞ்சுதான். தாய் தகப்பன் இரண்டுக்கும் அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் ஆகாது. முட்டை பொரிய இரண்டரை வாரம், குஞ்சு கூட்டைவிட்டு இறங்க மூன்று நான்கு வாரம் என்று கணக்கு. அதில் கோபம் உச்சத்தில் இருப்பது கடைசிச் சில நாட்களில்தான். அப்புறம் தானாக அடங்கிவிடும்.

கவனித்திருப்பீர்கள், அது எப்போதும் பின்னாலிருந்துதான் வரும். திரும்பி நின்று அதையே பார்த்தால் பக்கத்தில் வராது. கூட்டைக் கலைக்க மட்டும் ஆள் கூப்பிடாதீர்கள். குச்சியை வைத்து மிரட்டவும் வேண்டாம். காகங்கள் ஆளின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வதை அமெரிக்கக் காகங்களிடம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நம்மூர்க் காகம் மறதிக்காரப் பறவை என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

இன்னொன்று. அந்தக் கூட்டில் இருப்பது குயில் குஞ்சாகவும் இருக்கலாம். உடம்பெல்லாம் புள்ளியோடு ஒரு குஞ்சு கத்தி இரை கேட்க, காகம் ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், எள் விளக்கின் பாதிப் பலன் குயிலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலைச் செடியைப் பச்சைப் புழுக்கள் மொட்டையடித்துவிட்டன. தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டுகிறது. விஷமா? என்ன மருந்து அடிப்பது? (வாசகர், சூரமங்கலம்)

விஷமில்லை, கடிக்காது. அந்தக் கொம்பு தலைக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கும் ஒரு நாற்றச் சுரப்பி. எறும்பு, சிறு குளவி, சிலந்தி இவற்றை விரட்டத்தான் அதை நீட்டுகிறது.

இவை எலுமிச்சை அழகியின் புழுக்களாக இருக்கும், இல்லையென்றால் கறிவேப்பிலை அழகியுடையவை. இரண்டும் எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் என்று ஒரே குடும்பத்துச் செடிகளில்தான் முட்டையிடும். சின்னப் புழுவாக இருக்கும்போது கருப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் மாதிரியே கிடப்பதால் யார் கண்ணிலும் படாது. கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் பச்சையாகிறது. நீங்கள் பார்த்தது அந்தக் கட்டம். அதாவது சாப்பாடு முடியப்போகிறது. இன்னும் சில நாளில் கூட்டுப்புழுவாகிவிடும்.

ஆளுயரச் செடி என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், மறுபடி துளிர்க்கும். தொட்டியில் நான்கு கிளையோடு நிற்கும் கன்று என்றால் ஒன்றிரண்டு புழுவை விட்டுவிட்டு மற்றவற்றை இலையோடு பக்கத்து எலுமிச்சைக்கு மாற்றுங்கள். மருந்து வேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசலும் புழுவைக் கொல்லும், 'இயற்கை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த இலையை நீங்களே நாளைக்குத் தாளிக்கப் போகிறீர்கள். அது போக, தையல்சிட்டு இரண்டு நாள் உங்கள் செடிக்கு வந்தால் பாதிப் புழு காணாமல் போகும். சிறு குளவிகள் இந்தப் புழுவுக்குள்ளேயே முட்டையிட்டு இன்னொரு பங்கை முடித்துவிடும். மருந்து அடித்தால் முதலில் போவது இந்த வேலையாட்கள்தான்.

கறிவேப்பிலை அழகியில் ஒரு வேடிக்கை உண்டு. பெண் பூச்சிகளில் சில, ரோஜா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் வேஷத்தில் திரியும். ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளை தின்று வளர்வதால் அதன் உடம்பே கசப்பு நஞ்சு, பறவைகள் தொடாது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த இதற்கு அந்த நஞ்சு கிடையாது, வேஷம் மட்டும்தான். பூச்சி வெளிவந்ததும் சிறகில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

கொண்டைக்குருவிக் குஞ்சு ஒன்று கீழே கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பாலும் சோறும் கொடுக்கிறோம். சோர்ந்திருக்கிறது. (வாசகி, கன்னங்குறிச்சி)

பாலை உடனே நிறுத்துங்கள். பறவைக்குப் பால் செரிக்காது. அலகைத் திறந்து தண்ணீர் சொட்டு விடுவதும் வேண்டாம், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கிற குஞ்சென்றால் அது விழுந்த குஞ்சே இல்லை, பறக்கப் பழகுகிற குஞ்சு. எடுத்த இடத்துக்கே கொண்டுபோய், பூனை எட்டாத புதரிலோ கிளையிலோ வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். தாய் வரும். இறகே இல்லாத செங்குஞ்சு என்றால் கூட்டைத் தேடி உள்ளே வையுங்கள். கூடு கலைந்து போயிருந்தால் ஒரு சின்னக் கூடையில் நார் போட்டு அதே கிளையில் கட்டலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. காயம் இருந்தால் மட்டும் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். வளர்க்க வேண்டாம்.

பச்சைக்கிளி கூண்டில் பல வருஷமாக வளர்க்கிறோம். பாசமாகத்தான் பார்த்துக்கொள்கிறோம். தப்பா? (வாசகர், குகை)

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாசத்துக்கு அதில் விலக்கு இல்லை. திடீரென்று கூண்டைத் திறந்துவிடவும் வேண்டாம், இரை தேடத் தெரியாமல் காகத்திடம் மாட்டும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

லீ பஜார் பக்கம் கடை. சின்ன வயதில் மூட்டைக்கு மூட்டை சிட்டுக்குருவி உட்கார்ந்திருக்கும். இப்போது பெட்டி மாட்டியும் வரவில்லை. செல்போன் கோபுரம்தானே காரணம்? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

கோபுரம்தான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை. 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. உங்கள் கடைத்தெருவில் குறைந்ததும் உண்மை, ஊர்ப்புறத்தில் இருப்பதும் உண்மை.

தானியம் கிடைக்காததுதான் பிரச்சினை என்று எல்லோரும் நினைக்கிறோம். பெரிய குருவி கம்பும் நொய்யும் தின்னும். ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழு பூச்சிதான் ஊட்டவேண்டும். செடியே இல்லாத, இருக்கும் செடிக்கும் மருந்தடிக்கிற தெருவில் அந்தப் புழுவுக்கு எங்கே போகும்? ஓட்டு வீட்டு இடுக்கும் போய்விட்டது. பெட்டி அந்த இடுக்குக்குத்தான் மாற்று, புழுவுக்கு இல்லை.

பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். ஓட்டை மூன்றரை சென்டிமீட்டர் போதும், பெரிதாக வைத்தால் மைனா பிடித்துக்கொள்ளும். எட்டுப் பத்தடி உயரம், நேர்வெயில் படாத சுவர், பக்கத்தில் மின்விசிறி கூடாது. ஓட்டைக்குக் கீழே அழகுக்கு ஒரு குச்சி வைத்து விற்கிறார்கள், அதைப் பிடுங்கிவிடுங்கள். சிட்டுக்குருவிக்கு அது தேவையில்லை, காகத்துக்குத்தான் உதவும். சந்தில் நாலு தொட்டிச் செடியும் ஒரு முருங்கையும் வந்தால் பெட்டிக்கு ஆள் வர வாய்ப்பு அதிகம்.

மொட்டை மாடியில் பறவைக்குத் தண்ணீர் வைத்தால் டெங்கு வரும் என்று மாடி வீட்டுக்காரர் சண்டை போடுகிறார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முட்டை புழுவாகி, கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் தினமும் மாற்றினால் பயமில்லை. வெறுமனே கொட்டி நிரப்பினால் போதாது. டெங்குக் கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். அகலமான மண்சட்டி, இரண்டு அங்குலத் தண்ணீர், நடுவில் ஒரு கல். கல் தேனீக்கு. கூடவே அரிசியை அள்ளிக் கொட்டாதீர்கள், மாடப்புறா மட்டும்தான் பெருகும். அப்புறம் அந்த எச்சத்தால் நுரையீரல் தொல்லை என்று சண்டை வந்தால் நான் மாடி வீட்டுக்காரர் பக்கம்தான்.

அடுக்குமாடி ஆறாவது மாடியில் பெரிய தேன்கூடு. இரவில் பால்கனி விளக்கைச் சுற்றி வந்து விழுகின்றன. புகை போட்டுக் கொளுத்திவிடலாம் என்கிறது சங்கம். (வாசகி, அழகாபுரம்)

கொளுத்த வேண்டாம். அது மலைத்தேனீ, திறந்தவெளியில் ஒரே அடையாகக் கட்டும். பூக்காலத்தை ஒட்டி இடம் மாறும் சாதி, பிடித்த இடத்துக்கு வருஷாவருஷம் திரும்பி வருவதும் உண்டு. சில மாதத்தில் கிளம்பிவிடும். போன பிறகு காலி அடையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

இரவுத் தொல்லைக்கு வழி எளிது. மலைத்தேனீ நிலவு வெளிச்சத்தில்கூடப் பறக்கும், விளக்குக்கு இழுபடும். அந்தப் பக்கத்து பால்கனி விளக்குகளை அணையுங்கள், முடியாவிட்டால் திரை போடுங்கள். கல், பட்டாசு, வாசனை ஸ்பிரே எதுவும் அருகில் கூடாது. ஒன்று கொட்டினால் அந்த வாடையே மற்றவற்றைக் கூப்பிடும், ஆகவே கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவதுதான் வைத்தியம். நிறையக் கொட்டினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி.

இது கதண்டு என்ற பெரிய விஷக் குளவி என்றால் என் பதில் வேறு. ஆள் நடமாடும் இடத்தில் கதண்டுக் கூடு இருந்தால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். உயிர் போயிருக்கிறது.

காபித் தோட்டத்தில் சில நாட்கள் நூற்றுக்கணக்கில் நீல, கருப்பு வண்ணத்துப்பூச்சிகள் ஒரே திசையில் போகின்றன. எங்கே போகின்றன? அவற்றுக்காக ஒரு தோட்டம் போடலாமா? (வாசகர், நாகலூர், ஏற்காடு)

இந்த மாதம் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நீலவரியன், கருநீலவரியன், வெண்புள்ளிக் கருப்பன் இவையெல்லாம் ஒரே கூட்டத்துச் சொந்தங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்கு மலைகளுக்கும் வரும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வாக்கில் மேற்கே திரும்பும். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் எல்லாம் இந்த வழித்தடத்தில்தான் இருக்கின்றன. போன பூச்சியே திரும்பி வருவதில்லை, பெரும்பாலும் அதன் பிள்ளைகள்தான் வரும். ஆகவே தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, ஐந்து நிமிடத்தில் எத்தனை என்று எழுதிவையுங்கள். மலை மேல் நிலையாக இருக்கும் ஒருவர் எழுதும் குறிப்பு, ஒருநாள் வந்து போகிறவர் எடுக்கும் நூறு போட்டோவைவிட மேல்.

தோட்டம் என்றதும் நர்சரிக்குப் போய்ப் பூச்செடி வாங்காதீர்கள். உண்ணிச்செடி கண்டிப்பாக வேண்டாம். தேன் உண்டு, பூச்சி வரும், சரிதான். ஆனால் அது வெளிநாட்டுக் களை, மலைச்சரிவில் கீழே எதையும் முளைக்க விடாது. இந்தக் கூட்டத்துக்குப் பிடித்தது கிலுகிலுப்பை. காய்ந்த, அடிபட்ட தண்டில்கூட ஆண் பூச்சிகள் மொய்த்து உறிஞ்சும். பசிக்காக இல்லை, அதில் இருக்கும் ஒரு கசப்புச் சத்துக்காக. பெண்ணைக் கவரும் வாசனையையும் எதிரியைத் துரத்தும் நஞ்சையும் அதிலிருந்துதான் செய்துகொள்கின்றன. தேள்கொடுக்கிலும் அது உண்டு. வேலியோரம் களை என்று வெட்டுகிற செடிகள் இவை. வெட்டாமல் விட்டால் தோட்டம் போட்ட மாதிரிதான்.

புழுவுக்கும் இலை வேண்டுமே. எருக்கில் வெந்தயவரியன் வளரும், அரளியில் வெண்புள்ளிக் கருப்பன். பனமரத்துப்பட்டி பக்கம் அரளித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இலைக்கு அடியில் தேடினால் அதன் கூட்டுப்புழு கிடைக்கும். வெள்ளிப் பளபளப்பில், செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் மெருகு போட்டது மாதிரி தொங்கும்.

நிழல் மரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மிளகு ஏற்ற வசதி, விற்றால் காசு, ஒப்புக்கொள்கிறேன். நடுநடுவே ஒரு அத்தி, ஒரு கல்யாண முருங்கை, ஒரு பலா நிற்கட்டும். குக்குறுவானும் கொண்டைக்குருவியும் அத்திப் பழத்துக்கு வரும். காபி பூக்கும் நாட்களில் தேனீ இருந்தால் காய்ப்பு கூடும் என்பதால் இதில் உங்களுக்கும் லாபம்தான்.

சீகாரப் பூங்குருவியைப் படமெடுக்க, செல்போனில் அதன் குரலை ஓடவிட்டால் வருமாமே?

வரும், சண்டைக்கு. தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அலையும். ஏற்காட்டில் ஓடையோரம் விடியற்காலையில் சும்மா உட்கார்ந்தாலே அதன் சீட்டி கேட்கும். குரலை ஓடவிட வேண்டாம்.

குழந்தைகளுக்குப் பறவை பார்க்கப் பழக்கலாம் என்று இருக்கிறோம். எங்கே தொடங்குவது? (குடியிருப்பு நலச் சங்கம், ஐந்து ரோடு)

வீட்டு ஜன்னலில். பதினைந்து நிமிடம், ஒரு நோட்டு, காகம் மைனா உட்பட எல்லாவற்றின் எண்ணிக்கையும். 'காகம்தானே' என்று விடக்கூடாது. இந்தக் கணக்கை ஈபேர்டு செயலியில் ஏற்றலாம். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பிள்ளைகளும் சேரலாம்.

அப்புறம் மூக்கனேரிக்குக் கூட்டிப்போங்கள். 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் கூடித் தூர்வாரி, எடுத்த மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். நாய் போகாத, ஆள் போகாத திட்டு என்பதால் கொக்கும் நீர்க்காகமும் அங்கே தங்கும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பிள்ளைகளும் பார்க்கமாட்டார்கள், பறவையும் நிற்காது. தொலைநோக்கி வாங்குவதென்றால் எல்லோருக்குமாகச் சேர்த்து 8×42 அளவில் (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்கண்ணாடி) ஒன்று போதும். பொரியும் பிஸ்கட்டும் மட்டும் ஏரியில் போட விடாதீர்கள்.