நீட் தேர்வு: புதுப் பாடம் படிக்கும்போது பழைய பாடம் மறக்காமல் இருக்க என்ன செய்வது?

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குள் போனதும் பதினொன்றில் படித்ததெல்லாம் கரைந்துபோகிறது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீட் முதல் முறை எழுதியபோது எனக்கும் இதுதான் நடந்தது. இரண்டாவது முறை படித்த வருடத்தில்தான் வழி பிடிபட்டது.

முதல் வருடம், அடிக்கோடு போட்ட வரிகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். ஜனவரியில் ஒரு மாதிரித் தேர்வில் திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு) வந்தது. 2/5 எம்ஆர் ஸ்கொயரா, 2/3 எம்ஆர் ஸ்கொயரா? உள்ளீடற்ற கோளத்துக்குத்தான் 2/3 என்பதை அதற்குள் நான்கு தடவையாவது வாசித்திருப்பேன். தாளில் 2/3 என்று போட்டுவிட்டு வந்தேன். வர வேண்டிய 4 மதிப்பெண்ணும் போய், தவறான விடைக்குக் கழிப்பதால் கையிலிருந்த 1 மதிப்பெண்ணும் போனது. அன்று அழுகையே வந்துவிட்டது.

பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவருவது வேறு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஒரே பகுதியைச் சில மாணவர்கள் மறுபடி வாசித்தார்கள், மற்றவர்கள் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. மே மாதத் தேர்வுக்கு உங்களுக்குத் தேவை இந்த இரண்டாவது வகை நினைவு.

அதனால் புதுப் பாடத்தைத் திறக்கும் முன், தினமும் காலையில் 20 நிமிடம் ஒரு பழைய பாடத்துக்கு ஒதுக்கினேன். புத்தகம் மூடியே இருக்கும், ஒரு வெள்ளைத் தாள், அவ்வளவுதான். ஒளிச்சேர்க்கை என்றால், சி4 தாவரத்தில் கார்பன் டை ஆக்சைடை முதலில் பிடிக்கும் நொதி எது, எந்த செல்லில், முதலில் உண்டாகும் நான்கு கார்பன் சேர்மம் எது என்று நினைவில் வருவதை எல்லாம் எழுதுவேன். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்ப்பேன். மறுநாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பேன். பிறகு மூன்று நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளி கூடும். அடுத்து எப்போது என்பதைத் தாளின் மூலையில் தேதியாகக் குறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிச்சயம் தவறிப்போகும். முதல் சில வாரம் தாள் பாதிக்கு மேல் சிவப்பாகத்தான் இருந்தது. பயப்பட வேண்டாம், அந்தச் சிவப்புதான் நீங்கள் படிக்க வேண்டியது.

இயற்பியலில் இன்னொரு வசதி உண்டு. பன்னிரண்டில் மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலும் விதி படிக்கும்போதே பதினொன்றின் ஈர்ப்பியலைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். இரண்டிலும் விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதம். சீராக மின்னூட்டம் பெற்ற கோளக் கூட்டுக்குள் மின்புலம் சுழி, சீரான நிறைகொண்ட கூட்டுக்குள் ஈர்ப்புப் புலமும் சுழி. ஒன்றைப் படித்தால் மற்றதும் உயிரோடு இருக்கும்.

180 கேள்வியில் 90 உயிரியல். பெயர்களும் வகைப்பாடுமாக வரும் பகுதிக்கு, நாள்காட்டியில் கிழித்த தாள்களை நான்காக வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதினேன். தெரிந்தவை பின்னால் போகும், தெரியாதவை மறுநாளும் வரும். கனிம வேதியியலுக்கும் இதேதான், ஆனால் எனக்கு இடைவெளியைக் குறைக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாப் பாடமும் கலந்த கேள்விகள். பாடவாரியான தேர்வில் தலைப்பே எந்தச் சூத்திரம் என்று காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்படிப் படித்தால் புதுப் பாடம் கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். கூடப் படிப்பவர்கள் இரண்டு பாடம் முன்னால் போவார்கள், அது உறுத்தும். எனக்கும் உறுத்தியது. ஆனால் ஏப்ரலில் அவர்கள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருந்தபோது, என்னிடம் தேதி போட்ட தாள்கள்தான் இருந்தன. ஒரு பாடத்துக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.