முதலில் மில் சத்தத்தைப் பிடியுங்கள்

கேள்வி: 2009இல் எனக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போனது. இப்போது புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். அண்ணன் மகள் போனில், சத்தத்தை மட்டும் கேட்டு ஆடும் ஒலி விளையாட்டு ஒன்று போட்டுத் தந்தாள். இரண்டு தரம் திரும்பினால் போதும், எங்கே நிற்கிறேன் என்றே தெரிவதில்லை. எல்லாச் சத்தமும் குழம்புகிறது. என்ன செய்யலாம்?

பதில்: குறை உங்கள் காதில் இல்லாமலும் இருக்கலாம். போனின் அணுகல் (Accessibility) அமைப்புகளில் ‘மோனோ ஆடியோ’ போட்டிருந்தால் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான் வரும். இடம் வலம் பிடிபடவே படாது. அதை நிறுத்தச் சொல்லுங்கள். வயர் உள்ள இயர்போன் நல்லது. புளூடூத்தில் சத்தம் சற்றுப் பிந்தி வரும், திரும்பும்போது கணக்குத் தப்பும்.

சரி, இனி வழி. உங்கள் ஊர்ச் சந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அரிசி மில் இரைகிறது. பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. வழி கேட்டு வருபவருக்கு மில்லைத்தானே அடையாளம் சொல்வோம்? விளையாட்டிலும் அப்படித்தான். புது இடத்துக்குள் போனதும் நடக்காதீர்கள். நின்று கேளுங்கள். நகராத சத்தம் ஒன்று, அருவியோ மணிக்கூடோ, அகப்படும். அதுதான் உங்கள் மில். அங்கிருந்து ஒரு பக்கம் போய், திரும்பி அதனிடமே வந்து, அப்புறம் அடுத்த பக்கம் போங்கள். வழி தவறினாலும் அந்தச் சத்தத்தைத் தேடிப் போனால் போதும்.

அதிகம் பேர் தடுமாறுவது முன் பின் விஷயத்தில். நேர் முன்னே இருக்கும் சத்தமும் நேர் பின்னே இருக்கும் சத்தமும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வருகின்றன. அதனால் சும்மா நின்று கேட்டு முடிவு செய்ய முடியாது. கொஞ்சம் வலப்பக்கம் திரும்புங்கள். சத்தம் இடக் காதுக்குப் போனால் அது முன்னால் இருந்தது; வலக் காதுக்கு வந்தால் பின்னால். இதை மட்டும் ஒரு நாள் முழுக்கப் பழகினாலும் வீணில்லை.

காலடியையும் விடாதீர்கள். கிரவல் ஒழுங்கையிலிருந்து தார் ரோட்டில் ஏறுவது செருப்புச் சத்தத்திலேயே தெரிகிறதல்லவா? அதேபோல் மரப்பலகை, தண்ணீர், புல் என்று தரை மாறும் இடங்களை எண்ணிக்கொள்ளுங்கள். “பலகை முடிந்து பத்தடி, பிறகு இடப்பக்கம்” என்று வாய்விட்டுச் சொன்னால் மனதில் நிற்கும்.

பழக ‘எ பிளைண்ட் லெஜெண்ட்’ என்ற ஒலி விளையாட்டு நல்லது. 2015இல் வந்தது. பார்வையிழந்த வீரரை மகள் குரல் கொடுத்து நடத்திப் போகிறாள். குரல் நடுவில் விழும்வரை திரும்பிவிட்டு நடக்க வேண்டும். பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும், தொடக்கத்தில் உங்கள் அண்ணன் மகள் பக்கத்தில் இருந்து சொல்லட்டும். வாள்சண்டையும் வரும்.

இன்னொன்று. துவக்கும் வெடியும் நிறைந்த விளையாட்டுகள் பல உண்டு. இயர்போனில் அவை காதுக்குள்ளேயே வெடிப்பதுபோல் இருக்கும். எதையும் உங்களுக்குப் போடுமுன் அண்ணன் மகளை ஒருமுறை முழுக்கக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு படபடத்தால் உடனே இயர்போனைக் கழற்றிவிடுங்கள், அந்த விளையாட்டு உங்களுக்கு வேண்டாம்.