ஆர்.சி.யில் ஒரு நம்பர், இன்ஜினில் வேறு நம்பர்

கேள்வி: வணக்கம் மேடம். 17 வருடம் ஆன டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை ஆறு மாதம் முன்பு புரோக்கர் மூலம் வாங்கினேன். முழுப் பணமும் பேங்க் வழியாகக் கொடுத்துவிட்டேன். விற்றவர் கையில் வண்டி நாலு வருடம் இருந்திருக்கிறது; 15 வருடம் முடிந்தபோது ஆர்.சி.யைப் புதுப்பித்ததும் அவர்தான். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமலே இருந்துவிட்டேன். போன மாதம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனால், சேஸிஸ் நம்பர் சரி, இன்ஜின் நம்பர் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விற்றவர் "ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீங்க" என்கிறார். பழைய நம்பரையே பஞ்ச் அடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். திரும்பி வரும் வழியிலேயே கிளட்ச் நழுவ ஆரம்பித்து, ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கே கிளட்ச், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இன்ஜின் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) வேலை என்று முதலில் சொன்னதைப்போல இரண்டு மடங்கு பில் போட்டு, பணம் தந்தால்தான் வண்டி என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பஞ்ச் அடிக்கிற ஆள். அவரை வண்டி பக்கமே விடாதீர்கள். இன்றைய நிலையில் நீங்கள் ஏமாந்து வாங்கிய ஆள், அவ்வளவுதான். அந்த நம்பரை ராவிவிட்டு வேறு நம்பர் அடித்தால் கேஸ் உங்கள் தலையில் விழும். தப்பிக்கவும் முடியாது. உலோகத்தில் அடித்த எழுத்தின் அழுத்தம் மேல்பரப்புக்கு அடியிலும் நிற்கும், தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவி ராவின நம்பரையே எழுப்பி எடுத்துவிடுவார்கள். 'இன்ஜின் வாங்கினதா ஒரு பில் ரெடி பண்ணிக்கலாம்' என்று யாராவது ஆரம்பித்தால் அதற்கும் இதே பதில்தான்.

சரி, இன்ஜின் மாற்றியதே குற்றமா? இல்லை. பழைய டீசல் வண்டியில், அதுவும் மேடு பள்ளத்தில் உழைத்த ஃபோர் வீல் வண்டியில், ஹெட் போய், பிளாக் வெடித்து இன்ஜின் மாற்றுவது சாதாரணமாக நடப்பதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதற்கு வழி வைத்திருக்கிறது: முன்கூட்டியே பதிவு அதிகாரியின் அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் மாற்றிவிட்டால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் வண்டியில் இரண்டுமே நடக்கவில்லை. அனுமதிக்காத மாற்றம் செய்த உரிமையாளருக்குப் பிரிவு 182ஏ-யில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

யார் மாற்றியது என்பதுதான் இங்கே எல்லாம். நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு விஷயத்தைப் பாருங்கள்: 15-வது வருடம் ஆர்.சி.யைப் புதுப்பித்தது விற்றவர். வண்டியை நேரில் காட்டாமல் அந்தப் புதுப்பித்தல் நடக்காது, காட்டினால் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பார்ப்பார்கள். அன்றைக்கு ஒத்துப்போன நம்பர் இன்று ஒத்துப்போகவில்லை என்றால், நடுவில் வண்டி அவர் கையில் இருந்தபோதுதான் இன்ஜின் மாறியிருக்கிறது. 'நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு' என்று அவர் சொல்ல முடியாது. அந்த ஆய்வு அறிக்கை ஆர்.டி.ஓ. ஃபைலில் இருக்கும், வழக்கு என்று வந்தால் கோர்ட் மூலமே வரவழைக்கலாம்.

'பார்த்துத்தானே வாங்கினீங்க' என்ற வாதம் லேசானதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19-ன்படி ஏமாற்றிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் விற்றவர் வெறுமனே வாய் திறக்காமல் இருந்திருந்தால், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே உங்களுக்கு உண்மை தெரிந்திருக்கும் என்று அவர் தரப்பில் நிற்பார்கள், அது எடுபடவும் செய்யும். பொய்யை அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கதை வேறு. வாட்ஸ்அப்பைத் தோண்டுங்கள். 'கம்பெனி இன்ஜின், கையே வைக்கல' என்கிற மாதிரி ஒரு மெசேஜ், ஒரு வாய்ஸ் நோட், விளம்பரத்தில் ஒரு வரி இருந்தால் போதும். இருந்தால் அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மின்னணுச் சான்றைக் கோர்ட்டில் கொடுக்க 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் பிரிவு 63-ன்படி சான்றிதழ் வேண்டும், மூலப் போன் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்று: ஒப்பந்தத்தை ரத்து செய்யப் போகிறவர், விஷயம் தெரிந்த பிறகும் அந்த வண்டியில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. தெரிந்தும் பயன்படுத்தினால், குறையோடு ஏற்றுக்கொண்டார் என்று ஆகிவிடும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் ஓரமாக நிறுத்துங்கள்.

இப்போது உங்கள் தப்பு. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் (மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 50). இரண்டு பேருமே செய்யவில்லை. கையெழுத்துப் போட்ட ஃபார்மைப் பீரோவில் வைத்துக்கொண்டால் வண்டி நம்முடையது என்று நினைக்கிறவர்கள் ஏராளம். சட்டத்தின் கண்ணில், யார் பெயரில் பதிவோ அவர்தான் உரிமையாளர். பல கை மாறிய வண்டி ஒன்றின் விபத்து வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லி, பதிவில் இருந்தவர்தான் பொறுப்பு என்றது. இது உங்களுக்கு ஒரு பிடி. நாளைக்கு இந்த வண்டி யார் மேலாவது மோதினால் சம்மன் விற்றவர் வீட்டுக்குத்தான் போகும், இதை அவருக்கு யாராவது சொன்னால் பேச்சுவார்த்தையின் சுருதியே மாறும். இன்சூரன்ஸில் மட்டும் உங்களுக்கு ஓட்டை இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பகுதி தானாக வராது, பாலிசி உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

எங்கே போவது? விற்றவர் வண்டி வியாபாரி இல்லை, தன் சொந்த வண்டியை விற்றவர் என்றால் அவர் மேல் நுகர்வோர் வழக்கு நிற்காது, சிவில் கோர்ட்தான். மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம் அவகாசம் உண்டு. கமிஷன் வாங்கிய புரோக்கரைச் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்கலாம். போலீசில் புகார் கொடுக்கலாம்தான், பழைய 420-க்குப் பதில் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318. பெரும்பாலும் 'இது சிவில் மேட்டர் சார்' என்று அனுப்பிவிடுவார்கள், பொய் மெசேஜ் கையில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ஒர்க்‌ஷாப்காரருக்குச் சட்டத்தில் ஓர் உரிமை உண்டு, அதை மறுக்க முடியாது. செய்த வேலைக்கு நியாயமான கூலி வரும்வரை அந்த வண்டியைப் பிடித்து வைக்கலாம் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170). பேசாத தொகைக்கும், நீங்கள் கேட்காத வேலைக்கும், பழைய பாக்கிக்கும் அது பொருந்தாது. வண்டியை விற்கவும் முடியாது. பேசிய தொகையைப் பேங்க் வழியாக அனுப்புங்கள். பார்ட் பார்ட்டாக பில் கேளுங்கள். கழற்றிய கிளட்ச் பிளேட்டையும் பேரிங்கையும் ஒரு சாக்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள், இரண்டு மடங்கு பில் போடுகிறவர்கள் பலருக்கு இந்தச் சாக்கு விஷயத்தில்தான் தொண்டை அடைக்கும். வண்டி அவசரம் என்றால் மீதியையும் 'ஆட்சேபத்துடன் கொடுக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்து எடுத்து வந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் திரும்பக் கேளுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2 வருட அவகாசம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

வண்டி அங்கே தூக்கி நிற்கும்போதே ஒரு வேலை செய்யுங்கள். (எனக்கும் பழைய டீசல் வண்டிக் கிறுக்கு உண்டு, அதனால் சொல்கிறேன்.) ஆர்.சி.யில் மாடல் பெயர் என்ன என்று பாருங்கள். ஃபோர் பை டூ (இரண்டு சக்கரத்துக்கு மட்டும் இன்ஜின் சக்தி போகும் மாடல்) என்று இருந்து, கீழே முன் ஆக்சிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தொங்கினால், யாரோ பின்னால் மாட்டியிருக்கிறார்கள், அது இரண்டாவது சட்டவிரோத மாற்றம். மாடல் சரியாக இருந்தால் நிம்மதி.

அப்புறம் அந்த இன்ஜின் நம்பர். பிளாக் பக்கவாட்டில் கருப்பு எண்ணெய் அப்பியிருக்கும், டீசலில் நனைத்த துணியால் துடையுங்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும்பும். அந்த நம்பரைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் போட்டுப் பாருங்கள், திருட்டு வண்டிப் பட்டியலில் இருந்தால் காட்டும். காட்டினால் மறைக்காமல் ஒரு வக்கீலோடு போய் நீங்களே எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். காட்டவில்லை என்றால், அதே மாடலின் இன்ஜின்தானா, விற்றவரிடம் உண்மையான பில் இருக்கிறதா என்று கேட்டு, பதிவில் உள்ள உரிமையாளரான அவரையே பிரிவு 52-ல் விண்ணப்பிக்க வைத்துச் சரிசெய்யப் பார்க்கலாம். அந்தப் பென்சில் பிரிண்டையும் தளத்தில் வந்த பதிலையும் எனக்கு அனுப்புங்கள். 'வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடு' என்று நோட்டீஸ் விடுவதா, 'பேப்பரைச் சரிசெய்து நஷ்டத்தைக் கொடு' என்று விடுவதா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.