பாகம் மாத்தின ஸ்ட்ராட்டை விக்கிறது: பதில்

வணக்கம். ஸ்குவயர் ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியோட மலிவு பிராண்ட் எலெக்ட்ரிக் கிட்டார்) பாடியில வேற நெக், ஹம்பக்கர் (ரெட்டைச் சுருள் பிக்கப், அதாவது தந்தி அதிர்வைப் பிடிக்கிற பாகம்), புது ட்ரெமலோ (சுருதியை ஆட்டுற கைப்பிடி உள்ள பிரிட்ஜ்) போட்டு 31,000 ரூபா ஆச்சு, கிருஷ்ணகிரியில அந்த விலைக்கு ஆள் வரலைன்னு எழுதியிருக்கீங்க. வராதுங்க. பாகத்துக்கு நீங்க போட்ட காசை வாங்குறவர் கணக்குல எடுக்கமாட்டார்; பழைய ஸ்குவயர் என்ன விலையோ அங்கிருந்துதான் பேரம் தொடங்கும்.

கழட்டின பழைய பாகங்கள் பத்திரமா இருக்கா? இருந்தா அதையே திரும்ப மாட்டி கிட்டாரை வித்துட்டு, ஹம்பக்கரையும் நெக்கையும் தனித்தனியா வில்லுங்க. பெரும்பாலும் இப்படித்தான் கூடுதலா தேறும்.

அப்படியே விக்கிறதா இருந்தா முதல்ல வயரிங்கைப் பாருங்க. சிங்கிள் காயிலுக்கு (ஒத்தைச் சுருள் பிக்கப்) இருந்த 250 கே (கிலோ ஓம்) பாட்டையே, அதாவது வால்யூம், டோன் திருகையே விட்டிருந்தா ஹம்பக்கர் சத்தம் மங்கலா வரும், வாசிச்சுப் பார்க்கிறவர் பிக்கப்பே மட்டம்னு நினைப்பார். 500 கே போடுங்க. தந்தியைத் தொட்டா இரைச்சல் குறையணும். மாற்றமே இல்லைன்னா பின்பக்கம் ட்ரெமலோ ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கிற கிளா தகட்டுக்குப் போற எர்த் வயர் விட்டிருக்கும்.

அடுத்து 12-வது ஃப்ரெட்ல (நெக்கில பதிச்ச கம்பி) சுருதி பாருங்க. ஹார்மோனிக்கைவிட (அழுத்தாம லேசாத் தொட்டு மீட்டுற சுரம்) அழுத்தி வாசிக்கிற சுரம் ஏறியிருந்தா சேடிலை (பிரிட்ஜ்ல தந்தி உட்கார்ற துண்டு) பின்னால, நெக்கைவிட்டுத் தள்ளி நகர்த்துங்க. ஆறு சேடிலும் கடைசிவரை போயும் சுருதி சேரலைன்னா நெக்கோட ஸ்கேல் (தந்தி நீள அளவு) சரியில்லைன்னு சந்தேகப்படுங்க. நட்டுல (நெக்கோட தலைப்பக்கம் தந்தி உட்கார்ற பட்டை) இருந்து 12-வது ஃப்ரெட் வரை 324 மி.மீ. இருக்கணும்.

நெக்கில ஃபெண்டர் லோகோ இருந்தாலும் விளம்பரத்துல ஃபெண்டர்னு போடாதீங்க, அது ஏமாத்து. எது எது மாத்தினதுன்னு எழுதி, பிக்கார்டை (முன்பக்க பிளாஸ்டிக் தகடு) திறந்து வயரிங் படமும் போடுங்க. ஓசூர், பெங்களூரு ஆளுங்களுக்கும் தெரியப்படுத்துங்க. ஆம்ப்ளிஃபையரோட ஓசூர்ல வெச்சுக் காட்டினா அவங்களுக்கும் வர வசதி.