விறாந்தையில் ஒரு பாய்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர் திருகோணமலை மாவட்டத்தில் 33 வருடம் குடும்பநல மருத்துவமாதுவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: அக்கா, எனக்கு வயது 56, மனைவிக்கு 51. சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மகள் கொழும்பில், மகன் கட்டாரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு மனைவி பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு விறாந்தையில் போய்ப் படுக்கிறாள். கேட்டால் "உள்ளுக்கு வெக்கை" என்கிறாள். மின்விசிறியை வேகமாக விட்டால் எனக்குப் பாதம் விறைத்து எரியும், அதனால் குறைத்து வைப்பேன். இரவில் ஒன்றுக்குப் போக இரண்டு மூன்று தரம் எழும்புகிறேன். அப்போது பார்த்தால் அவள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்கிறாள். கிட்டப் போனால் கையைத் தட்டி விடுகிறாள். நானும் முன்னைப்போல் இல்லைத்தான். அதனால் என்னை வெறுத்துவிட்டாளோ என்று யோசனையாக இருக்கிறது. ஒருவர் இது செய்வினை என்கிறார். இன்னொருவர், கன்னியா வெந்நீரூற்றில் கொண்டுபோய்க் குளிக்க வையுங்கள், உடம்புச் சூடு இறங்கும் என்கிறார். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: தம்பி, முதலில் அந்தக் கன்னியாப் பயணத்தை நிறுத்துங்கள். ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிற பெண்ணின் தலையில் ஏழு கிணற்று வெந்நீரையும் அள்ளி ஊற்றப் போகிறீர்களா? கன்னியாவுக்குப் போக வேறு காரணங்கள் இருக்கின்றன, அவை இப்போது வேண்டாம். செய்வினை என்று சொன்னவருக்குக் கடையில் கடன் கொடுத்திருந்தால் அதை வசூலியுங்கள். வேறொன்றும் அவரிடம் கேட்க வேண்டாம்.

உங்கள் மனைவி உண்மையைத்தான் சொல்கிறார். உள்ளுக்கு வெக்கை. நீங்கள் அறைக்குள் என்று எடுத்துக்கொண்டீர்கள், அது உடம்புக்குள். 45 வயதிலிருந்து 55 வரைக்குள் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் தாறுமாறாகிப் பிறகு நிற்கும். அந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் ஏறி இறங்கிக் குறைந்துகொண்டு போகும். மூளையில் உடம்பின் சூட்டைக் கணக்குப் பார்க்கிற ஓர் இடம் உண்டு. முன்பு கொஞ்சம் சூடு ஏறினாலும் பேசாமல் இருந்த அந்த இடம், இப்போது துளி ஏறினாலும் பதறிவிடும். உடனே தோலுக்கு இரத்தம் பாயும், முகமும் கழுத்தும் தீயாய் எரியும், வியர்வை கொட்டும், நெஞ்சு படபடக்கும். ஒன்றிரண்டு நிமிடம், சிலவேளை ஐந்து நிமிடம். முடிந்ததும் ஈர உடுப்போடு குளிரும். ஓர் இரவில் இப்படி நாலைந்து தரம் வந்தால் யாருக்குத்தான் பக்கத்தில் இன்னோர் உடம்பு வேண்டியிருக்கும்? அதுவும் ஆடி மாதக் கச்சானில்! (வறுத்துத் தின்கிற கச்சானல்ல, மேற்கிலிருந்து வீசுகிற கச்சான்.) சிலருக்கு இது ஒரு வருடத்தில் போய்விடும், சிலருக்கு ஏழெட்டு வருடமும் இருக்கும்.

என் கதையையும் கேளுங்கள். 2005ஆம் ஆண்டு. கிண்ணியாவுக்குப் பாலம் வரவில்லை, பாதையில்தான் (ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவைப் படகு) கடலைக் கடந்து வேலைக்குப் போவோம். சுனாமி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் பாதை நடுவில் நிற்கும்போது எனக்குத் திடீரென்று முகமெல்லாம் எரிந்து வியர்வை ஊற்றியது. நான் தண்ணீருக்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்து எல்லோரும் ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள். மூலையில் இருந்த ஒரு வயதான உம்மா மட்டும் கையிலிருந்த பன்விசிறியை நீட்டி, "மிஸ்ஸிக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார். 48 என்றேன். "அப்ப அதுதான்" என்றார். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் இதைப் பற்றி வகுப்பெடுத்தவள் நான். என் வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதமும் நான் எதற்கோ கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து மனிதர் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். சொன்ன அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. கட்டிலை இழுத்து ஜன்னலோடு போட்டார், அவ்வளவுதான்.

கையைத் தட்டி விடுவதற்கு வெக்கை மட்டும் காரணமாக இருக்காது. அதே ஈஸ்ட்ரோஜன் குறையும்போது உறுப்பின் உட்தோல் மெலிந்து உலர்ந்துபோகும். சேரும்போது நோகும். நோகிறது என்று சொல்ல வெட்கம், அதனால் தொடும்போதே தட்டி விடுவது. என்னிடம் வந்த பெண்களில் எத்தனை பேர் இதை வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொன்னார்கள் தெரியுமா? இதற்குத் தண்ணீர் சேர்ந்த ஜெல் பாமசியில் வாங்கலாம். டொக்டர் எழுதிக் கொடுக்கிற கிறீமும் இருக்கிறது. வெக்கைக்கும் மருந்து உண்டு. ஹோர்மோன் மாத்திரை பலருக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும் அது பொதுவாக ஆகாது. தைரொயிட் கூடினாலும் இதே மாதிரி வியர்க்கும், படபடக்கும். ஆகவே ஒருதரம் டொக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில் பெண்களைப் பரிசோதிக்கிற வெல் வுமன் கிளினிக் நாள் எது என்று கேட்டு வைத்தால் போதும், அவர் தனியாகவே போய்வருவார். இன்னொன்று: 50 வயதைத் தாண்டியவருக்கு மாதவிடாய் முழுதாக ஒரு வருடம் வராமல் இருந்தால்தான் பிள்ளைப் பயம் இல்லை. சிரிக்காதீர்கள், 46 வயதில் தலையைக் குனிந்துகொண்டு என் கிளினிக்குக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, மனைவியின் கதை இவ்வளவுதான். உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் எனக்கு உண்மையான யோசனை வந்தது.

பாதம் விறைத்து எரிகிறது என்கிறீர்கள். இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புகிறீர்கள். முன்னைப்போல் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் செய்வினைக்குத் தாவிவிட்டீர்கள். மூன்றையும் வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறீர்கள், நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தம்பி, நீங்கள் கடைசியாகச் சீனி பார்த்தது எப்போது?

சீனி வருத்தம் வருடக்கணக்கில் கவனிக்காமல் கிடந்தால் கால் நரம்பைத் தொடும், சிறுநீரைக் கூட்டும், ஆணின் இரத்தக் குழாய்களையும் நரம்பையும் கெடுத்து அந்த விஷயத்தில் தளரவைக்கும். அந்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு முதலில் அங்கேதான் காட்டும். அதனால் இதை வெட்கத்துக்குரிய காரியமாக நினைத்து மறைக்கக் கூடாது, சிலருக்கு நெஞ்சு வருத்தத்துக்குச் சில வருடம் முன்னால் வருகிற தகவல் அது. புரொஸ்டேட் வீங்கினாலும் இரவில் எழும்ப வேண்டி வரும், எல்லாவற்றையும் சீனி என்று நானே முடிவு கட்டவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்க ஏலாது. முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணித்தியாலம் ஒன்றும் தின்னாமல், பிளேன்ரீயும் குடிக்காமல் போய் இரத்தம் கொடுங்கள். துண்டில் mg/dL கணக்கில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் சீனி வருத்தம் என்று எடுப்பார்கள், உறுதிப்படுத்த இன்னொரு தரமும் பார்ப்பார்கள். 100க்கும் 125க்கும் இடையில் என்றால் வாசலில் நிற்கிறது என்று பொருள். அரச ஆஸ்பத்திரிகளில் 35 வயது தாண்டியவர்களுக்கு இதையும் பிரஷரையும் காசில்லாமல் பார்க்கும் பிரிவு இருக்கிறது. கடையை ஒரு காலை பூட்டினால் உப்புவெளி பட்டினி கிடக்காது.

அதுவரை வெறுங்காலோடு கடற்கரையில் நடக்க வேண்டாம். விறைத்த காலில் முள் ஏறினாலும் தெரியாது, சுடுமணலும் தெரியாது.

மனைவியிடம் எப்படிக் கதைப்பது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டுக்குள் முகத்துக்கு முகம் இருந்து கேட்டால் இரண்டு பேருக்கும் வாய் வராது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். கோட்டை வாசலில் இறங்கி மேலே நடந்தே போங்கள், மான்கள் குறுக்கே வந்து நிற்கும், நீங்களும் நிற்கலாம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது பார்வை படாது, கதை வரும். மலையில் காற்றும் நன்றாக இருக்கும், அவருக்குப் பிடிக்கும். முதலில் உங்கள் காலைப் பற்றிச் சொல்லுங்கள். "எனக்கும் உடம்பில் ஏதோ சரியில்லை" என்று நீங்கள் தொடங்கினால் அவர் முடிப்பார். அப்புறம் ஒரு காரியம்: இன்னொரு மின்விசிறி வாங்கி அவர் பக்கம் மட்டும் வையுங்கள், உங்கள் காலுக்குக் காலுறை போடுங்கள். பாய் உள்ளே வந்தாலும் சரி, விறாந்தையிலேயே கிடந்தாலும் சரி, அது அவர் முடிவு.

கேள்வி: வயது 55. மாதவிடாய் நின்று மூன்று வருடம். போன மாதம் இரண்டு நாள் லேசாக இரத்தம் பட்டது, வலி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி "இளமை திரும்புது" என்று பகிடி பண்ணுகிறாள். இரண்டு வருடத்துக்கு முன் பாப் டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் சரி என்றார்கள். பார்க்கத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, மூதூர்

பதில்: வேண்டும், தங்கச்சி. இந்தக் கிழமையே. இரத்தம் ஒரு சொட்டு என்றாலும், வலி இல்லை என்றாலும், நின்று ஒரு வருடம் கடந்த பிறகு பட்டால் அது இளமை அல்ல. பாப் டெஸ்ட் கருப்பையின் வாயை மட்டும் பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. அதற்கு ஸ்கான் பண்ணி உட்தோலின் தடிப்பைப் பார்ப்பார்கள், தேவையென்றால் துளி எடுத்துச் சோதிப்பார்கள். இப்படி வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. மற்ற ஒருவருக்கும் நேரத்தோடு வந்தால் பெரும்பாலும் சுகமாக்கலாம். பட்ட திகதியைக் கலண்டரில் குறித்து, குடிக்கிற மாத்திரைகளையும் பழைய பாப் டெஸ்ட் துண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிப் போகலாம், அவருக்கும் வயது ஆகியிருக்கும்.