கோட்டிங் அடிக்கும் முன் துளைகளைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, அப்பா வாங்கிய 2006 மாடல் மாருதி 800 எங்களிடம் இருக்கிறது. இன்ஜின் அருமையாக ஓடுகிறது. வீடு கடற்கரையை ஒட்டிய தெருவில். டிரைவர் கதவின் அடி ஓரத்திலும், அதற்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகடான ரன்னிங் போர்டிலும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. அடியில் முழுக்க அண்டர்பாடி கோட்டிங் அடித்துவிட்டால் துரு நின்றுவிடும் என்கிறார்கள். அடிக்கலாமா?
– ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: இப்போது வேண்டாம் தம்பி. முதலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கொப்புளம் தெரிகிறது என்றால் துரு உள்பக்கத்தில் வேலையைத் தொடங்கி ரொம்ப நாளாகிவிட்டது.

கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறு இல்லை. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக எந்தக் காரிலும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்காகக் கதவின் அடி விளிம்பில் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். மணலும் இலைத்தூளும் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டால் கதவின் அடிப்பகுதி தொட்டி மாதிரி ஆகிவிடும். ஒரு தென்னை ஈர்க்குச்சியை எடுத்து ஒவ்வொரு துளையாகக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கம்பியோ ஆணியோ வேண்டாம், துளையோரத்துப் பெயின்ட் உரிந்தால் அடுத்த துரு அங்கேயே பிடிக்கும். அப்புறம் கண்ணாடியை இறக்கிவிட்டு இடுக்கில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே கீழே ஒழுகி வர வேண்டும்.

ரன்னிங் போர்டின் அடியிலும் இப்படித் துளைகள் உண்டு. அவசரமாகக் கோட்டிங் அடிப்பவர்கள் அவற்றையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். முதலியார்பேட்டையில் எங்கள் டிங்கரிங் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வெளியே கோட்டிங் கறுப்பாகப் பளபளக்கும். வெட்டிப் பிரித்தால் உள்ளே துருத்தூள் கை நிறைய வரும். துருவின் மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கிறது, அவ்வளவுதான்.

கடலோரத்தில் துருவுக்கு மழைகூடத் தேவையில்லை. கடற்காற்றில் வரும் உப்பு தகட்டில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். உங்கள் தெருவில் பல இரவுகளில் அந்த அளவு ஈரம் இருக்கும்.

அடுத்து, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ரன்னிங் போர்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், அரித்த தகடு பொத்தென்று கேட்கும். வண்டிக்குள் காலடியில் விரித்திருக்கும் மேட், அதன் கீழே உள்ள பஞ்சு இரண்டையும் தூக்கித் தரைத்தகட்டைத் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம் இடது காலடியில் மட்டும் ஈரம் இருந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வேப்பிலைச் சருகு மக்கிக் கிடக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

துரு மேலோட்டமாக இருந்தால் ஒயர் பிரஷ், உப்புத்தாள் போட்டு உதிர்வதையெல்லாம் எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். மிச்சமிருக்கும் மெல்லிய துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் திரவம்) தடவி, அதன் மேல் எபாக்ஸி ப்ரைமர், அதற்கு மேல் பெயின்ட். வெறும் ரெட் ஆக்சைடு ப்ரைமர் உப்புக்காற்றுக்குத் தாங்காது. பட்டி போட்டுக் கொப்புளத்தை மறைக்க யாரையும் விடாதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடுத்த மழைக்குள் கொப்புளம் அதே இடத்தில் எழும்பும்.

பொத்தென்று கேட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். அது உள்ளே இறங்கினால் கன்வர்ட்டரால் பயனில்லை, அரித்த தகடு அதனால் திரும்ப வலுப்பெறாது. இந்தக் காருக்குத் தனி சேஸி கிடையாது. ரன்னிங் போர்டும் தரைத்தகடும்தான் பாரத்தைத் தாங்குகின்றன, ஜாக்கி வைப்பதும் அங்கேதான். நல்ல தகடு தெரியும் வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். பைபர் ஒட்டுப் போட ஒத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் குடும்பம் உட்கார்ந்து போகும் வண்டி இது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டில் தகட்டின் உள்பக்கப் பூச்சு எரிந்துபோகும். அதனால் வேலை முடிந்து ஆறியதும் துளை வழியாக உள்ளே கேவிட்டி வேக்ஸ் (தகட்டின் உள்கூட்டுக்கான மெழுகுப் பூச்சு) அடிப்பது கட்டாயம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு, துளைகளுக்கு டேப் ஒட்டி மறைத்துவிட்டு அண்டர்பாடி கோட்டிங் அடிக்கலாம். அப்போது அது காசுக்கேற்ற வேலை. ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடங்காதீர்கள். மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பார்கள். அதுவும் கழிந்து பங்குனி, சித்திரை வெயிலில் செய்தால் தகடு உள்வரை காயும்.

கேள்வி: எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அதில்தான் கார் கழுவுகிறோம். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது தெருவில் நின்ற தண்ணீரிலும் வண்டி நின்றது. இதனால் பாதிப்பு வருமா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: வரும் அம்மா. போர் தண்ணீர் காய்ந்தாலும் அதிலிருக்கும் உப்பு அங்கேயே தங்கிவிடும். அழுக்கை அதில் போக்கிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ வேண்டும். அதையும் கூரையில் ஊற்றித் தீர்த்துவிடாமல் சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவின் உட்பக்கமும் அடிப்பக்கமும் அலசுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டையும் பஞ்சையும் வெளியே எடுத்து, தரைத்தகட்டில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களைப் பிடுங்கிக் காயவைத்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் இப்போதாவது ஒருமுறை திறந்து பாருங்கள். அந்தப் பஞ்சு மாதக்கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும்.

கேள்வி: வாட்டர் சர்வீஸில் அடியில் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கிறார்கள். நல்லதா? வண்டியை மாதத்துக்கு ஓரிரு முறைதான் எடுக்கிறேன், பிளாஸ்டிக் கவர் போட்டு மண்தரையில் நிறுத்துகிறேன்.
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பழைய ஆயில் வேண்டாம். எரிந்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், புஷ் போன்ற ரப்பர் பாகங்கள் ஊதிப்போகும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, சொட்டுவதெல்லாம் மண்ணிலும் கிணற்றிலும் சேரும். லேனோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) அல்லது வேக்ஸ் ஸ்ப்ரே வாங்கி, ரப்பரிலும் பிரேக்கிலும் படாமல் அடியுங்கள்.

பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டு காற்றுப் போகும் துணிக் கவர் போடுங்கள். மண்தரை இரவெல்லாம் ஈரம் விடும், சிமெண்ட் தரை கிடைத்தால் அங்கே மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். நாள்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் பின்சக்கர பிரேக் ஷூ துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.