திறமூலக் குழுவுக்கு நடத்தை விதிகளை எப்படி எழுதுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் எழுத்துப் பயிற்சிச் செயலியைத் திறமூலமாக (நிரலை எவரும் பார்த்துத் திருத்தும்படி) உருவாக்கும் உங்கள் சிறு குழுவுக்கு நடத்தை விதிகளை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வெற்றுத்தாளிலிருந்து தொடங்க வேண்டாம். 2014-இல் கொரலைன் அடா எம்கி உருவாக்கிய 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற நடத்தை விதி மாதிரியைத் தழுவிக்கொள்ளலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலை உருவாக்கும் குழுவும் 2018-இல் அதையே தழுவியது.

கூடாதவற்றின் பட்டியலை எவரும் எழுதிவிடலாம். விதிகளுக்கு உயிர் கொடுப்பது, புகார் வந்தால் என்ன நடக்கும் என்ற பகுதிதான். யாரிடம் சொல்வது, எத்தனை நாளுக்குள் பதில் வரும், திட்டத்தை நடத்தும் பராமரிப்பாளர் மீதே புகார் என்றால் அவர் எப்படி விலகி நிற்பார் என்பதையெல்லாம் ஐயமின்றி எழுதுங்கள். நிரலைச் சரிபார்க்கும் மூத்தவர் பெரியப்பாவாகவும், புதிதாக எழுத வரும் பெண் அவர் மகளின் தோழியாகவும் இருக்கக்கூடிய டர்பனின் இந்திய வம்சாவளியினர் பகுதியான சாட்ஸ்வொர்த் போன்ற இடத்தில், புகாருக்கு ஒரே ஒரு முகவரி இருந்தால் அந்தப் பெண் வாய் திறக்கவே மாட்டாள். எனவே ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவரை நியமித்து, அவர்களில் ஒருவரையாவது வெளியூரிலிருந்து தேர்ந்தெடுப்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

நடவடிக்கைக்கு, அம்மாதிரியின் இரண்டாம் பதிப்பிலுள்ள திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்ற நான்கு படிகள் போதும். புகார்க் குறிப்புகளில் தனிநபர் விவரங்கள் இருப்பதால், தென்னாப்பிரிக்காவின் 2013-ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு, அவற்றை அந்த இருவர் மட்டுமே பார்க்கும்படி வைத்திருங்கள்.